படலை திறக்கிற நாளும் என் வெங்காயமும்

கடையையும் கந்தோர் உத்தியோகத்தையும் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்திருக்கிற தம்பிமாரே, தங்கைமாரே,

நீங்கள் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் எரு எவ்வளவு, தண்ணீர் எப்போது, எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்பதுதான். அதையெல்லாம் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரனிடம் கேளுங்கள். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், காசும் கேட்க மாட்டான். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். வியாபாரத்தில் பழகிய மண்டையோடு ஒருவன் மண்ணுக்குள் இறங்கினால் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று சொல்லலாம். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்னர் நடந்த கதை இது. அதுவரை நான் தெற்கே காலி நகரத்துப் பக்கம் ஒரு சுருட்டுக்கடை வைத்திருந்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தக் காலத்தில் மீசை முளைத்ததும் கோச்சி, அதுதான் ரயில், ஏறித் தெற்கே போவது வழக்கம். நானும் போனேன். கடை எனக்கும் என் மனைவி நாகம்மாவின் தமையனுக்கும் பொது. மச்சான் கணக்கில் கெட்டி, நான் வாயில் கெட்டி. கடை நன்றாகவே ஓடியது. வருடப் பிறப்புக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் மட்டும் ஊருக்கு வருவோம். மற்ற நாளெல்லாம் வீடு என்றால் கடைக்குப் பின்னால் உள்ள பாயும் தலையணையும்தான்.

ஒரு சித்திரையில் நான் ஊருக்கு வந்து படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த என் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய், "அம்மா, ஆரோ ஒரு ஆள் வந்து நிக்குது" என்றாள்.

நாகம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு பாயில் கிடந்து அதையே நினைத்தேன். என் பிள்ளைக்கு நான் 'ஆரோ ஒரு ஆள்'. அந்த நினைப்போடு கடையில் எத்தனை கட்டுச் சுருட்டு விற்றும் என்ன பயன்? அடுத்த கோச்சியில் நான் ஏறவில்லை.

உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் நாகம்மாவுக்குச் சீதனமாக வந்த ஒரு தறை இருந்தது. தறை என்றால் தோட்டவெளிக்குள் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். நிலம் அவளுடையது. ஆகவே அவள் சம்மதம் வேண்டும். அவள் யோசித்துவிட்டு, செய்யுங்கோ, ஆனால் பிழைத்தால் ஊரைக் குறை சொல்லிக்கொண்டு வந்து நிற்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள். மச்சானுக்குத்தான் கோபம். என்னைத் தனியே கூப்பிட்டு, கடையில் என் இடத்தை ஆவணி முடியும்வரை வெறுமையாக வைத்திருப்பதாகவும், அதற்குள் இந்த விசர்ப் பைத்தியத்தை ஆடி முடிக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனான். ஆவணிக்குள் தோட்டம் எங்களுக்குச் சோறு போடும் என்று காட்டவேண்டும். இல்லாவிட்டால் நான் திரும்பவும் காலிக்கு. மகள் திரும்பவும் முற்றத்தில் நின்று, யாரோ ஒரு ஆள் வந்து நிற்குது என்பாள். எனக்கு இருந்த பயம் முழுக்க அதுதான்.

இனித்தான் என் கெட்டித்தனம் வருகிறது. நன்றாகக் கேளுங்கள்.

எங்கள் தோட்டவெளியில் எல்லாருக்கும் துண்டு துண்டாகத் தறைகள். இடையில் வேலி கிடையாது, வரம்பு மட்டும்தான். வெளியைச் சுற்றி ஒரே வேலி, அதற்கு ஒரே படலை. வைகாசியில் எல்லாரும் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், வெங்காயம் நடுவார்கள். சிலர் குரக்கன், அதாவது கேழ்வரகு, போடுவார்கள். ஆடியில் எல்லாரும் ஒரே கிழமையில் கிண்டி எடுப்பார்கள். ஒரே நாளில் சுன்னாகம் சந்தைக்கு வண்டில் வண்டிலாகக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். விலை விழாமல் என்ன செய்யும்? இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கடைத்தெருவில் பக்கத்துக் கடை பூட்டியிருக்கிற நாளில்தான் நமக்கு வியாபாரம். இந்தச் சின்ன விஷயம்கூட இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். எல்லாரும் நட்டு முடித்து ஒரு மாதம் கழிய நான் நட்டேன். மற்றவர்களின் வெங்காயம் விற்றுத் தீர்ந்தபிறகு என் வெங்காயம் தனிக்காட்டு ராசாவாகச் சந்தைக்குப் போகும். இதுதான் திட்டம்.

நாகம்மா, எல்லாரும் நடுகிற நேரத்தில் நடச் சொன்னாள். உமக்கு வியாபாரம் விளங்காது என்றேன்.

பக்கத்துத் தறைக்காரர் சின்னத்தம்பியர். கிணறு அவருக்கும் எங்களுக்கும் பங்கு. என் வயதுதான் இருக்கும். வாயிலிருந்து ஒரு சொல் விழ நாள் பார்க்கவேண்டும், அப்படி ஒரு மனுசன். நான் பிந்தி நடப்போவதாகச் சொன்னதும் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப படலை என்ன மாதிரி?" என்று மட்டும் கேட்டார். படலை கொஞ்சம் உக்கித்தான் இருந்தது. அதைத் திருத்துகிற செலவில் என் பங்கைக் கேட்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் குறை வைக்கமாட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். விளங்காததைத் திருப்பிக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கடை நடத்தியவன் தெரியாது என்று சொல்வானா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இறைப்பு என்றால் அப்போது துலாதான், கிணற்றுக்கு மேலே கட்டிய ஏற்றமரம். மேலே ஒருவர் துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை என்கிற இறைவாளியைப் பிடித்து இறைக்க, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பவேண்டும். நான் முதல்நாள் துலாவில் ஏறினேன். கடை வாங்கில் இருந்து பழகிய கால் வெடவெடவென்று நடுங்கியது. பாதித் துலாவில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னை இறக்கி எடுக்க ஆள் வரவேண்டி வந்தது. ஊர் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. அன்றிலிருந்து என் முறைக்குச் சின்னத்தம்பியர் மிதிப்பார், நான் இறைப்பேன், நாகம்மா தண்ணீர் திருப்புவாள். அவர் முறைக்கும் நான் இறைத்துக்கொடுப்பேன். இப்படித்தான் எங்கள் கொடுக்கல் வாங்கல்.

ஆடி வந்தது. வெளி முழுவதும் வெங்காயம் கிண்டினார்கள். சுன்னாகத்தில் விலை நான் நினைத்தபடியே விழுந்தது. நான் என் பச்சைப் பாத்தியின் வரம்பில் நின்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அந்தக் கிழமைதான் சின்னத்தம்பியரும் இன்னும் நாலைந்து பேரும் என் தறைக்கு வந்தார்கள். சுற்றிவளைத்துக் கதைத்தார்கள். அப்போதுதான் படலை விஷயம் எனக்கு வெளித்தது. வெளியில் கடைசித் தறையும் வெறுமையானதும் படலையைத் திறந்து ஊர் மாடுகளை உள்ளே விடுவார்கள். குரக்கன் தாளும் புல்லும் பூண்டும் அவற்றுக்குத் தீன். இரவில் ஒவ்வொரு தறையாகப் பட்டி அடைப்பார்கள், மாட்டின் எரு நிலத்தில் விழ. மழைக்கு முன் மாடு படுத்த நிலத்துக்குத்தான் அடுத்த பயிர். ஆவணி வெயிலில் வேலிக்கு வெளியே ஒரு பச்சை இராது. மாடுகள் அந்தப் படலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். இப்போது கடைசித் தறை என்னுடையது. அது வெறுமையாக இன்னும் ஒரு மாதம் வேண்டும்.

வேலி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் தறை வெளியின் நட்டநடுவில். பசித்த மாட்டுக்கு ஓலை வேலியும் தீன்தான் என்றார் ஒருவர்.

பிறகு சின்னத்தம்பியர் சொன்னார்: "பறவாயில்லை கடைக்காரர். நாங்கள் பொறுக்கிறம்."

என்னை அப்போது ஊரில் எல்லாரும் கடைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்கு ஏற்றபடிதான் நானும் நடந்தேன். அவர்கள் வாயாலேயே பொறுக்கிறோம் என்றார்கள், நான் கட்டாயப்படுத்தவில்லை, பேரம் முடிந்தது என்று சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். நாகம்மா கறிச்சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

சின்னத்தம்பியர் வீட்டுப் பசுவின் பால்தான் என் மகளுக்கு. அவருடைய மனைவி காலையில் ஒரு செம்பில் கொண்டுவந்து தருவார். ஒருநாள் பார்த்தேன், செம்பில் பால் குறைந்திருந்தது. மறுநாள் இன்னும் குறைந்தது. கடையில் இருந்தவனுக்கு அளவில் கண் போகாமல் இருக்குமா? பால் அளவு குறைகிறது, நாளைக்கு அந்த மனுசியிடம் சொல்லிவிடும் என்று நாகம்மாவிடம் சொன்னேன்.

அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மாட்டுக்குத் தின்ன என்ன கிடக்கு? வெளிக்குள்ளை கிடக்கிற தாளுக்குப் பூட்டுப் போட்டு வைச்சிருக்கிறது நீங்கள். தங்கடை பிள்ளையளுக்கு இல்லாமல் எங்கடை பிள்ளைக்கு அந்த மனுசி கொண்டுவந்து தருகுது. அதுக்கு அளவு பாக்கிறியளோ?"

எனக்கு முகம் சுருண்டுபோயிற்று. சால்வையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சின்னத்தம்பியர் வீட்டுக்குப் போகிற ஒடுங்கின ஒழுங்கையால் நடந்தேன். அவருடைய பசு பூவரசமரத்தடியில் கட்டிக் கிடந்தது. விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. முன்னால் போட்டிருந்த காய்ந்த இலைகுழையை அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வீட்டு வளவிலும் அப்படித்தான். அதற்கடுத்த வளவில் கன்று ஒன்று எழும்பாமல் கிடந்தது. எல்லா வீட்டிலும் ஆட்கள் என்னைக் கண்டார்கள். எல்லாரும் வழமைபோலத்தான் கதைத்தார்கள். ஒருவர்கூட மாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாராவது ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

அன்று என் இறைப்பு முறை. தோட்டத்துக்குப் போனேன். சின்னத்தம்பியர் எனக்கு முன்னமே வந்து துலாவில் ஏறி நின்றார். அவருடைய தறையில் நனைக்க ஒன்றும் இல்லை. அவருடைய மாட்டைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிற வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வந்து நிற்கிறார், அந்த வெயிலில். நான் பட்டைக் கொடியைப் பிடித்தேன், இறைக்கக் கை எழவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். எனக்கு முன்னால் இரண்டு வழி. பொறுத்தால் வெங்காயம் முற்றும், நல்ல விலைக்கு விற்கும், மச்சான் வந்து பார்த்து வாயை மூடிக்கொண்டு போவான், மகளோடு இருக்கலாம். இப்போதே பிடுங்கினால் விரல்நுனி அளவு வெங்காயமும் தாளும்தான் மிச்சம். சுன்னாகத்தில் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஆவணி முடிய நான் கோச்சி ஏறவேண்டியதுதான். என் பிள்ளையை விட்டுப் போவதா? ஆனால் அவர்கள் பொறுக்கிறோம் என்று சொன்னது அவர்களின் பெருந்தன்மை. அதை வாங்கிப் பெட்டிக்குள் போட எனக்கு என்ன உரிமை இருந்தது? அப்படி வாங்கிக்கொண்டு இந்த ஊரில் நான் யாராக இருப்பேன்? கடைக்காரனாகத்தான் இருப்பேன், சாகும்வரை.

"இறங்குங்கோ" என்றேன். "இண்டைக்கு இறைப்பு இல்லை. நான் பிடுங்கப்போறன்."

அவர் மேலே நின்றபடி, "அவசரப்படாதையுங்கோ. இன்னும் பொறுக்கலாம்" என்றார்.

"நீங்கள் பொறுப்பியள். என்னாலைதான் ஏலாது."

நாகம்மா வாய்க்காலடியில் மண்வெட்டியோடு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். நிலம் அவளுடையது அல்லவா. அண்ணன் வந்தால் என்ன சொல்வது என்று ஒரு சொல் கேட்டாள். நடந்ததைச் சொல்லுவோம் என்றேன். அவ்வளவுதான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பாத்தியில் அவள்தான் குனிந்தாள். கொஞ்சநேரத்தில் சின்னத்தம்பியரும் குனிந்தார். பிறகு யார் போய்ச் சொன்னார்களோ, வெளிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பொழுதுபட முன் தறை வெறுமையாயிற்று.

அந்தப் பச்சைத் தாளையும் குஞ்சு வெங்காயத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என்னுடைய பழைய தொழில் எனக்குக் கைகொடுத்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும். வியாபாரத்தைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சுன்னாகத்துக்குப் போகிறவன் முற்றிக் காய்ந்த வெங்காயத்தைத் தேடுகிறான், கட்டித் தூக்கி வைக்க. பச்சையை அன்றைக்கே சமைக்கிறவர்கள் யார் என்று யோசித்தேன். விடிய வண்டில் கட்டிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போனேன். மீன் சந்தை வாசலில், மீன் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற வழியில் ஓலைக் கடகத்தை வைத்துக்கொண்டு குந்தினேன். தாளோடு சின்னச் சின்னப் பிடியாகக் கட்டி, மீன் குழம்புக்குப் போட்டுப் பாருங்கோ என்று கூவினேன். வாயில் கெட்டி என்று முதலே சொன்னேன் அல்லவா. மீன் விற்கிற பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களே வாங்கினார்கள். மத்தியானத்துக்குள் கடகம் வெறுமை. அடுத்தடுத்த நாளும் போனேன். மலைபோல இலாபம் ஒன்றும் இல்லை. அடுத்த நடுகைக்கு விதை வெங்காயம் வாங்கலாம், அதுவரை உலையேற்றலாம், அவ்வளவுதான் வந்தது. அவ்வளவே எனக்குப் பெரிது.

மச்சான் வந்து இறங்கியது இந்தக் கூத்துக்கு நடுவில். கோச்சியால் இறங்கி நேரே தோட்டத்துக்கு வந்தான். அன்றுதான் படலை திறந்த நாள். வெளி முழுவதும் மாடுகள் தலை நிமிராமல் மேய்கின்றன. எங்கள் தறையில் ஒரு வெங்காயம் இல்லை. அவன் என்னைப் பார்த்தான். அவனுடைய கண்ணில் கோபம்கூட இல்லை, இரக்கம்தான் இருந்தது. அது கோபத்தைவிடச் சுட்டது.

"சரி மச்சான். ஆசைக்குச் செய்து பாத்திட்டாய். வெளிக்கிடு" என்றான்.

எனக்கு அவனிடம் காட்ட ஒன்றும் இல்லை. நாகம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்தநேரம் சின்னத்தம்பியர் தோளில் கயிறும் கையில் கட்டையுமாக வரம்பால் வந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர். எங்கள் தறையின் மூலையில் கட்டையை இறக்கி வைத்துவிட்டு, நிலம் அளக்கிறவரைப்போல அங்குமிங்கும் பார்த்தார். மச்சான் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"பட்டிக்குக் கட்டை போடுறம். முதல் பட்டி உங்கடை தறையிலை. இதுதானே இப்ப வெறுமனே கிடக்குது."

வெளி முழுவதும் வெறுமையாகத்தான் கிடந்தது.

முதல் பட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. படலை திறந்த முதல் நாட்களில்தான் மாடு வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து படுக்கும். அந்த எருவுக்கு ஒரு பலம் உண்டு. அதற்காக அண்ணன் தம்பிக்குள்ளேயே கதை பேச்சு இல்லாமல் போனதுண்டு. எனக்கும் அன்று அது சரியாகத் தெரியாது. மச்சானுக்குத் தெரியும். அந்தத் தறையில் தகப்பனோடு இறைத்து வளர்ந்தவன் அவன். கட்டை அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவன் வரம்பில் குந்திவிட்டான்.

"எங்கடை அப்பு சாகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தவர்" என்றான் மெதுவாக. "ஒருக்கால்கூட முதல் பட்டி எங்கடை தறைக்கு வரேல்லை."

நாகம்மா அழுதாள். அவளுடைய தகப்பன் அல்லவா. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். என் கண்ணும் சரியில்லை.

மச்சான் எழுந்து வேட்டியைத் தட்டினான். கடைக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றான். பிறகு, பச்சை வெங்காயம் ஏதாவது மிச்சம் இருந்தால் இரண்டு பிடி கட்டித் தரும்படி நாகம்மாவிடம் கேட்டான். தனியாகத்தான் திரும்பிப்போனான்.

அடுத்த வைகாசியில் வெங்காயம் நடும் கிழமையைப் பேச எல்லாரும் படலையடியில் கூடினார்கள். நான் ஒரு பக்கமாக நின்றேன். சின்னத்தம்பியர் திரும்பி, "கடைக்காரர், உங்களுக்கு எப்ப வசதி?" என்று கேட்டார். எல்லாரும் நடுகிற அன்றுதான் எனக்கும் வசதி என்றேன். கடைக்காரர் என்ற பெயர் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. போகாவிட்டால் என்ன?

இதுதான், பிள்ளைகளே, நான் கற்றது. கடைத்தெருவில் பக்கத்துக்காரன் இல்லாத நாளைத் தேடலாம். தோட்டவெளியில் அப்படி ஒரு நாள் வந்தால் பயப்படுங்கள். உங்களுக்கு விளங்காத கேள்வியை யாராவது கேட்டால், தலையை ஆட்டாமல், அது என்ன என்று திருப்பிக் கேளுங்கள். ஒருவர் பொறுக்கிறேன் என்று சொன்னால், எதைக் கட்டிவைத்துவிட்டுப் பொறுக்கிறார் என்று அவருடைய வளவுக்குள் போய்ப் பாருங்கள்.

மச்சான் அடுத்த வருடம் கொடியேற்றத்துக்கு வந்தபோது நான் வீட்டில் இல்லை. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் முற்றத்தில் நின்ற என் மகளிடம், உன்ரை ஐயா எங்கை என்று கேட்டிருக்கிறான். அவள் விளையாட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம்.

"தோட்டத்திலை. வேறை எங்கை நிப்பார்?"